இரவல் உடம்பு

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளைஞர் குடியிருக்கிறார். ஒரகடத்தில் மோட்டார் வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு என்ஜினீயர் உத்தியோகம். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. இரவு ஷிப்டு வாரத்தில் காலை ஏழு மணிக்குக் குன்றத்தூர்க் கடைத்தெருவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊரே குளித்து முழுகி வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அவர் மட்டும் படுக்கப் போவார். அப்படிப் பழகிவிட்ட உடம்புக்கு விடுமுறை நாளிலும் இராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். எனக்கு வயதின் காரணமாக வருவதில்லை. தூக்கம் வராத இருவர் ஒரே வீட்டில் இருந்தால் சிநேகம் உண்டாவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சென்ற ஐப்பசியில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த ஒரு மழை இரவில், அவர் தம்முடைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

"சார், நீங்கள் கதை எழுதுகிறவர். இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். 1963இல் ஆரம்பித்த கதை" என்றார்.

"அறுபது வருஷத்துப் படமா? எனக்குப் பிடித்துப் போகும்" என்றேன்.

கறுப்பு வெள்ளைப் படம். லண்டன் நகரத்தில், பழைய இரும்புச் சாமான்கள் போட்டிருக்கும் ஒரு கொல்லை. அதன் நடுவே, அந்த ஊர்த் தெருக்களில் அந்தக் காலத்தில் நின்றிருந்த போலீஸ் டெலிபோன் கூண்டு ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம் இருக்கும். உள்ளே போனால் ஒரு மண்டபமே இருக்கிறது. அந்தக் கூண்டு காலத்தையும் ஆகாயத்தையும் கடந்து எங்கு வேண்டுமானாலும் போகும். அதற்குச் சொந்தக்காரர் ஒரு கிழவர். நீண்ட வெள்ளை முடி, கறுப்புக் கோட்டு, சிடுசிடுப்பு, நடுநடுவே குழந்தையைப் போல ஒரு சிரிப்பு. அவருக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் 'டாக்டர்' என்கிறார்கள். 'டாக்டர் ஹூ' என்பது தொடரின் தலைப்பு.

முதல் பகுதியை பி.பி.சி. ஒளிபரப்பிய நாள் 1963 நவம்பர் 23. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தபோது குழந்தைகள் கதையை யார் கவனிப்பார்கள்? அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடியும் ஒரு முறை காட்டிவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்களாம். இப்படித் தட்டுத் தடுமாறிப் பிறந்த பிள்ளைதான் 1989 வரை ஓடி, நின்று, 2005இல் மறுபடியும் எழுந்து நடந்தது.

அந்த இரவில் எனக்கு ஏற்பட்ட முதல் ஆச்சரியம், படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது வந்தது. டைரக்டர்: வாரிஸ் ஹுசைன்.

"இது நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே!" என்றேன்.

நம் நாட்டுப் பெயரேதான். லக்னோவில் 1938இல் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். அவருடைய தாயார் அத்தியா ஹுசைன், லக்னோவின் பழைய பெரிய குடும்பங்கள் சிதைந்த கதையை 1961இல் ஆங்கில நாவலாக எழுதிய அம்மையார். எழுத்தாளருடைய பிள்ளை என்றதும் எனக்கு ஒரு பந்துத்துவம் தோன்றிவிட்டது. தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்மணிக்கு அப்போது வயது 27. வாரிஸ் ஹுசைனுக்கு 24. வெள்ளைக்கார ஆண்கள் நிறைந்திருந்த அந்த ஸ்தாபனத்தில் ஓர் இளம் பெண்ணும் ஓர் இந்திய வாலிபனுமாகச் சேர்ந்து, ஐம்பத்தைந்து வயது நடிகர் ஒருவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் பேசி, 'இந்தக் கிழவனாக நீங்கள்தான் நடிக்க வேண்டும்' என்று இணங்க வைத்தார்கள்.

அந்த நடிகர் வில்லியம் ஹார்ட்னல்.

அவரைப் பற்றி அன்றிரவும் பின் வந்த இரவுகளிலும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். 1908இல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் யார் என்றே அறியாதவர். வாலிபத்தில் நாடக மேடைக்கு வந்து, பிறகு சினிமாவுக்குப் போனார். சினிமா உலகம் அவருடைய முகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: ஒன்று ரௌடி, இல்லாவிட்டால் பட்டாளத்து சார்ஜண்ட். 'பிரைட்டன் ராக்' என்ற பேர்பெற்ற படத்தில் அவர் ரௌடிக் கூட்டத்தில் ஒருவர். 'தி ஆர்மி கேம்' என்ற தொடரிலும், 1958இல் வந்த 'கேரி ஆன் சார்ஜண்ட்' என்ற ஹாஸ்யப் படத்திலும் அதட்டிக் கூச்சலிடும் சார்ஜண்ட். இருபது வருஷமாக ஒருவன் அதட்டிக்கொண்டே இருந்தால் அவனுக்கே அலுத்துப் போகாதா? ஹார்ட்னலுக்கும் அலுத்துப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் விரும்பும் தாத்தா வேஷம் அவரைத் தேடி வந்தது.

மனிதர் அதைப் பிடித்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கவர்ந்தது. அந்தக் கூண்டின் உள்ளே யந்திர மேஜை ஒன்று உண்டு. வெறும் மரமும் பித்தான்களும். எந்தப் பித்தானை அழுத்தினாலும் ஒன்றுதான். ஆனால் அவர் எந்த விசை கதவைத் திறக்கும், எந்த விசை கூண்டைக் கிளப்பும் என்று தமக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வாரந்தோறும் அதையே பின்பற்றினாராம். மாறிவிட்டால் குழந்தைகள் கண்டுபிடித்து விடுவார்கள் என்பார். விடுமுறை நாட்களில் அந்தக் கோட்டையும் தொப்பியையும் அணிந்து ஊர்ச் சந்தைகளுக்கும் விழாக்களுக்கும் போவார். குழந்தைகள் மொய்த்துக்கொள்வார்கள்.

அவரிடம் இருந்த குறையையும் மறைக்கக் கூடாது. அந்நியர்களைப் பற்றியும் வேற்று இனத்தாரைப் பற்றியும் அவர் பேசிய பேச்சு நன்றாக இருந்ததில்லை என்று உடன் நடித்தவர்கள் சிலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவருடைய மிகச் சிறந்த வேஷத்துக்கு அடித்தளம் போட்டவர் ஒரு லக்னோக்காரர்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால், 'இதெல்லாம் செயற்கை' என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். வாழ்க்கைக்குக் கடிதம் போடுவதற்கு விலாசம் இல்லை.

முதல் வரிசையில் மட்டும் 42 பகுதிகள். வாரத்துக்கு ஒன்று. நாடகம் போலவே ஒரே மூச்சில் நடித்துப் படம் பிடித்தார்கள். தவறினால் திரும்ப எடுப்பதற்குப் பணமும் நேரமும் இல்லை. ஆகவே ஹார்ட்னல் வசனத்தில் தடுமாறிய இடங்கள் தடுமாறியபடியே இருக்கின்றன. அதைப் பார்த்தவர்கள் 'டாக்டருக்கு வயதாகிவிட்டது, வார்த்தை குழறுகிறது. எவ்வளவு இயற்கையான நடிப்பு!' என்று ரசித்தார்கள்.

உண்மை வேறு. அவருடைய இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிக்கொண்டிருந்தன. ஞாபகம் கொஞ்சங் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் மாடிக் குடித்தனக்காரரை நிறுத்தச் சொன்னேன். மழைச் சத்தத்தில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறொரு மனிதரின் ஞாபகம் வந்துவிட்டது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் புறம் ஒரு சிற்றூரில் அவர் இருக்கிறார். தெருக்கூத்து வாத்தியார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடியால் வாத்தியார் என்றே சொல்லுகிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது நாற்பது வருஷமாக அவர்தான் துரியோதனன். புஜக் கட்டையும் மார்ப்பதக்கமும் கிரீடமுமாக, இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் அவர் சலங்கையை ஒரு தட்டுத் தட்டினால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். முகவீணை ஒருபுறம் அழும். மிருதங்கம் ஒருபுறம் குமுறும். திரை விலகும்போது நான் எத்தனையோ தடவை கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். கும்பிட்டது யாரை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கும் ஹார்ட்னலுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கட்டைகளை அணிவதில் அவருக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காலில் சலங்கை, பிறகு இடுப்பு, பிறகு மார்பு, கடைசியில் கிரீடம். கிரீடம் ஏறிவிட்டால் மனிதர் யாரோடும் பேச மாட்டார். ஒரு சமயம் சொந்தப் பெண்ணே ஏதோ கேட்க வந்தபோது, ராஜா ஒரு பிரஜையைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம்.

சென்ற வருஷத்துக்கு முந்திய வருஷம், பதினெட்டாம் போர் இரவு. திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்தது. திரை விலகியது. வாத்தியார் நின்றார். பாட்டு வரவில்லை. பின்பாட்டுக்காரர்கள் அடியெடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். அவர் கண்கள் எங்கோ தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், அவருடைய பாட்டு நோட்டைப் பிரித்து முதல் வரியை முணுமுணுத்தேன். பிடித்துக்கொண்டார். அன்று இரவு முழுவதும் அவருக்குத் தெரியாமல் சொல்வதுபோல் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்வதுபோல் அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஜனங்களோ, "தொண்ணூத்தொம்பது தம்பியையும் பறிகொடுத்தவன், பேச்சு வருமா? இன்னாமா நிக்கிறாரு பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் படுகளம் முடிந்த பிறகு, டீக்கடை பெஞ்சியில் வாத்தியார் என்னிடம் கேட்டார்:

"சார், எங்க அக்கா மவன் கொஞ்சம் பாடுவான். அடுத்த வருஷம் அவங்கிட்ட கிரீடத்தைக் குடுத்துடலாமான்னு பாக்குறேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றாயிருக்கிறது! நீங்கள் இருக்கும்போது இன்னொருவன் துரியோதனன் ஆவதா? ஊர் ஒப்புமா? நோட்டோடு நான் பக்கத்திலேயே இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒரு கலைஞனுக்கு உரிய மரியாதையைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைகூடப் பட்டேன்.

கணினியில் படம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

1966இல் ஹார்ட்னலால் மேற்கொண்டு நடிக்க முடியாது என்ற நிலைமை வந்தது. தொடரோ ஜனங்களுக்குப் பிடித்துப் போயிருந்தது. ராஜா இல்லாமல் ராஜாங்கம் நடத்துவது எப்படி? தயாரிப்பாளராக இருந்த இன்னெஸ் லாய்டும் கதைப் பொறுப்பாளரான ஜெர்ரி டேவிஸும் ஒரு யுக்தி செய்தார்கள். டாக்டர் மனிதரல்லவே! வேற்று உலகத்தவர். அவருடைய உடம்பு தேய்ந்துபோனால் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளட்டும். முகம் மாறும், குரல் மாறும், ஆள் அவரே. 1966 அக்டோபர் 29ஆம் தேதி, கிழவர் தம் கூண்டுக்குள் தரையில் விழுந்தார். வெளிச்சத்தில் அவர் முகம் கரைந்தது. அது மறுபடி தெளிந்தபோது, அங்கே பாட்ரிக் டிரௌட்டன் என்ற வேறொரு நடிகர் படுத்திருந்தார்.

இதிலும் ஒரு சோகம் உண்டு. அந்தக் காலத்தில் ஒளிபரப்பான நாடாக்களை அழித்து மறுபடி உபயோகிப்பது வழக்கம். ஹார்ட்னல் விடைபெற்ற அந்தப் பகுதியைப் பாதுகாத்து வைக்கவில்லை. வேறொரு குழந்தைகள் நிகழ்ச்சியில் காட்டுவதற்காக எடுத்த துண்டு ஒன்று பிழைத்திருப்பதால், முகம் மாறும் அந்தச் சில விநாடிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

"எப்படி சார் ஐடியா?" என்றார் மாடிக் குடித்தனக்காரர், தாமே அதைக் கண்டுபிடித்ததுபோல.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, நீங்கள் தினமும் பஸ் ஏறுகிற ஊர் எது?" என்று கேட்டேன்.

"குன்றத்தூர்."

"குன்றத்தூரில் பிறந்தவர் யார்?"

அவர் விழித்தார். மலைமேல் இருக்கும் முருகனை அவருக்குத் தெரியும். மலையடிவாரத்து ஊரில் பிறந்தவரைத் தெரியாது. குலோத்துங்க சோழனின் மந்திரியாக இருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் எங்கள் ஊர்க்காரர். காவிரிக் கரைத் திருநாகேசுவரத்தின் மேல் இருந்த பக்தியினால், அதே பெயரில் இங்கும் ஒரு கோயில் எடுப்பித்தவர். அவர் பாடிய அடியார்களில் ஒருவர் திருமூலர்.

திருமூலர் கதையை நான் சொன்னேன். கைலாயத்திலிருந்து ஒரு யோகி அகத்தியரைக் காணத் தெற்கே வருகிறார். திருவாவடுதுறைக்கு அருகே, சாத்தனூர் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. யோகிக்குப் பொறுக்கவில்லை. தம் உடம்பை ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, மூலனுடைய உடம்பில் புகுந்து எழுகிறார். பசுக்கள் துள்ளுகின்றன. மாலையில் அவை வீடு திரும்ப, பின்னாலேயே ஊர் எல்லை வரை வந்து நிற்கிறார். மூலனுடைய மனைவி வந்து அழைக்கிறாள். அவளுக்கு அவர் யாரோ! போக மறுக்கிறார். மறுநாள் தம் பழைய உடம்பைத் தேடிப் போனால் அது வைத்த இடத்தில் இல்லை. இறைவன் மறைத்துவிட்டான். பிறகு அந்த இடையன் உடம்போடேயே அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் பாட்டுப் பாடினார்.

"கூடு விட்டுக் கூடு பாய்வது எங்களூர்க்காரருக்குப் புதிதில்லை. பி.பி.சி.காரர்கள் எண்ணூறு வருஷம் பிந்திவிட்டார்கள்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கதையைச் சொல்லி முடித்ததிலிருந்து எனக்கு உள்ளே ஏதோ உறுத்தத் தொடங்கியது. சிறு பிராயம் முதல் எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அந்த யோகி எதற்காக உடம்பு மாறினார்? சித்தி விளையாட்டுக்காகவா? இல்லை. பசுக்கள் அழுதன, அதற்காக. மாட்டுக்கு வேண்டியது மேய்ப்பன். எந்த உயிர் அந்த உடம்பில் நின்று மேய்த்தால் என்ன? பாத்திரம் நிலைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் அதற்கு உடம்பை இரவல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவல் கொடுத்தவர் உரிய காலத்தில் ஒதுங்கவும் வேண்டும்.

ஒதுங்குவது எளிதா என்றால், இல்லை. வேஷம் ஆளைப் பிடித்துக்கொள்ளும். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்த வி. சி. கணேசனுக்குப் பெரியார் அந்தப் பெயரையே சூட்டினார். அது கடைசிவரை நிலைத்துவிட்டது. மாடிக் குடித்தனக்காரர் சிறுவனாக இருந்தபோது தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்துகொண்டிருந்தது. 1997இலிருந்து 2005 வரை ஓடியது. அதில் பறந்து வந்து உலகத்தைக் காத்த முகேஷ் கன்னா, அதற்கு முன் மகாபாரதத் தொடரில் பீஷ்மராக நடித்தவர். 2022இல் சக்திமானைச் சினிமாவாக எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்த பிறகு, அந்த உடையை யார் போடலாம், யார் போடக் கூடாது என்று அவர் பகிரங்கமாகவே அபிப்பிராயம் சொன்னார். அறுபதைக் கடந்த மனிதர், தாம் கட்டிய வேஷத்துக்குக் காவல் நிற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாத்தியாருக்கு நான் சொன்ன யோசனையும் அதுதானே?

ஹார்ட்னலின் கதை இன்னும் பாக்கி இருந்தது. விலகிய பிறகு அவருக்குச் சில்லறை வேஷங்கள்தாம் கிடைத்தன. 1972இல், தொடரின் பத்தாம் ஆண்டை முன்னிட்டு மூன்று டாக்டர்களும் சேர்ந்து வரும் கதை ஒன்றைத் தயாரித்தார்கள். டிரௌட்டனும் அவருக்குப் பின் வந்த ஜான் பெர்ட்வீயும் ஓடியாடி நடித்தார்கள். ஹார்ட்னலின் உடல்நிலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகையால் அவரை ஓர் ஆசனத்தில் உட்கார வைத்துத் தனியாகப் படம் பிடித்து, மற்ற இருவரும் ஒரு திரையில் அவரைப் பார்ப்பதுபோல் அமைத்தார்கள். வசனத்தைப் பெரிய அட்டைகளில் எழுதி எதிரே பிடித்துக்கொண்டார்கள். அவர் வாசித்தார்.

அந்தக் காட்சியை நான் பார்த்தேன். கண்கள் எதிரே இருந்த எழுத்தின் மேல் ஊர்ந்து போவது தெரிகிறது. பதினெட்டாம் போர் இரவில், திரை விலகிய இடத்தில் நின்ற வாத்தியாருடைய கண்களும் இப்படித்தான் இருந்தன.

ஹார்ட்னல் அதற்குப் பிறகு நடிக்கவில்லை. 1975 ஏப்ரலில், 67 வயதில் காலமானார். அட்டையைப் பிடித்தவர்கள் அன்பினால்தான் பிடித்திருப்பார்கள். நானும் நோட்டை அன்பினால்தான் பிடித்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் ஒரு தடவை பிடித்தார்கள். வருஷா வருஷம் பிடிப்பதாக வாக்குக் கொடுத்தவன் நான்.

மழை விட்டதும் ஏரிக்கு அந்தப் புறம் போனேன். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அன்றைக்கு உங்களுக்குத் தப்பான யோசனை சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். "நீங்க சொன்னப்போ சந்தோசமாத்தான் இருந்துச்சு, சார். ராத்திரி படுத்தாத்தான் பயம். எங்கியாவது பாட்டு நின்னுபுட்டா நான் வெக்கப்படுறது கெடக்கட்டும். துரியோதனன் வெக்கப்படலாமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நாவல் எழுதுகிறேன். என் கதாபாத்திரத்துக்கு வெட்கம் வந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு நாளாவது படுக்கையில் பயந்ததுண்டா? விமரிசகர்கள் என்னை என்ன சொல்வார்களோ என்றுதான் பயந்திருக்கிறேன்.

மருமகன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒத்திகைக்கு லீவு கிடைக்காது. வாத்தியார் பாடியதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் வைத்துக் கேட்டே பாடம் பண்ணினான். பக்கத்து ஸீட்டுக்காரர்கள் அவனைக் கேலி செய்வார்களாம். வாத்தியாருக்கு நல்ல ஞாபகம் இருக்கும் நாட்களில் பாட்டுச் சேரும். இல்லாத நாட்களில் மாமனும் மருமகனும் நோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருஷம் பதினெட்டாம் போர் இரவில் திரை விலகியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. வாத்தியாருடைய துரியோதனன் மலை மாதிரி நிற்பான். இவன் நிற்கவே இல்லை. கூண்டில் அடைபட்டதுபோல் உலாவிக்கொண்டிருந்தான். குரலில் கம்பீரம் குறைவு, களைப்பு அதிகம். 'போய்விட்டது, எல்லாம் போய்விட்டது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். இங்கிலாந்தில் 1966இல் டிரௌட்டனைப் பார்த்த குழந்தைகள் பலரும் இப்படித்தான் முகத்தைச் சுளித்திருப்பார்கள். வாத்தியார் என் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

நடுச்சாமத்துக்கு மேல் ஓரிடத்தில் பையன் நின்றான். பாட்டு நின்றது. நான் என்னையறியாமல் நோட்டைத் தேடினேன். வாத்தியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் உதடும் நின்றிருந்தது. அவருக்கும் அந்த அடி ஞாபகம் இல்லை. மிருதங்கம் இரண்டு ஆவர்த்தம் தனியாக ஓடியது. பிறகு பையன் எங்கிருந்தோ அந்த அடியைப் பிடித்துத் தூக்கினான். ஷிப்டு முடிந்து வரும் மனிதனின் குரல்தான் அது. படை முழுவதும் பறிகொடுத்து, விடிந்தால் சாகப் போகிற ராஜாவுக்கு அந்தக் குரல் பொருந்தாது என்று நான் எப்படி நினைத்தேன்? என் பின்னால் ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். அதன் பிறகு நான் அவனை வாத்தியாரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருக்கவில்லை.

காலையில் படுகளம். தெருவெல்லாம் ஜனம். களிமண்ணால் செய்து படுக்க வைத்திருந்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் பீமனும் பையனும் ஓடினார்கள். தொடையில் அடி விழுந்தது. ஒப்பாரி எழுந்தது. திரௌபதி கூந்தல் முடித்தாள். எல்லாம் வழக்கம்போல நடந்தது.

ஹார்ட்னலுக்குப் பின் அந்த முதல் டாக்டரை 1983இல் ரிச்சர்ட் ஹர்ண்டால் என்பவரும், 2017இல் டேவிட் பிராட்லி என்பவரும் நடித்தார்கள். அதே பிராட்லி, 2013இல் ஹார்ட்னலின் வாழ்க்கையையே படமாக எடுத்தபோது ஹார்ட்னலாகவும் நடித்தார். டாக்டர் வேஷம் பெண்ணிடம் போயிற்று. ருவாண்டாவில் பிறந்த ஒருவரிடம் போயிற்று. 2025இல் அவருடைய வழித்துணையாக வந்தவர் கேரளத்தில் பிறந்த வரதா சேது. லக்னோக்காரர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. தம் வேஷம் இவ்வளவு தூரம் நடக்கும் என்று அந்தக் கிழவர் நினைத்திருப்பாரா? நினைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா? அவருடைய சுபாவத்தை நினைத்தால் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வேஷத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கூத்துக் கொட்டகையின் பின்புறம் போனபோது, பையன் கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். வாத்தியார் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி அவன் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுடா" என்றார்.

"மாமா, சீக்கிரம். ரெண்டாவது ஷிப்டு. பஸ் வந்துடும்."

"இருடா. பாதி மூஞ்சியோட போவியா?"

வெளியே ஹாரன் கேட்டது. பையன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். ஓடும்போது அவன் காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புச் சாயம் அப்படியே இருப்பது தெரிந்தது.

"டேய், காதாண்ட இருக்குதுடா!" என்று வாத்தியார் கத்தினார்.

அவனுக்குக் கேட்கவில்லை. பஸ் கதவு மூடிக்கொண்டது. எண்ணெய்க் கையோடு வாத்தியார் அது ஒரகடம் ரோட்டில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.